காப்புறுதியில் வந்த போனும் பழுதா?

காப்புறுதியில் எனக்கு வந்த மாற்றுப் போனில், மறுமுனைக்கு என் குரலே கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படியானால் உடனே மட்டக்களப்பு டவுனில் தெரிந்த கடைக்குக் கொண்டு ஓடாதீர்கள். வெளியாள் கழற்றினால் காப்புறுதி நிறுவனத்தார் பழுதை உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இன்னொரு போனால் பழுதை வீடியோ எடுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ளதுதானா என்றும் பாருங்கள், அது முக்கியம். ஆங்கிலத்தில் IMEI என அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று தெரியும்.

முறைப்பாட்டைக் காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நான் வாயால் மட்டும் சொல்லி இரண்டு வாரம் அலைந்தேன். திருப்பி அனுப்புமுன் கூகுள் கணக்கை நீக்கி ரீசெட் செய்யுங்கள், கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறமும் இழுத்தடித்தால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.