கருவளையம்: க்ரீம் வாங்குறதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கத்துல போய் நில்லுங்க

கண்ணுக்கு கீழ கொஞ்சம் கருப்பா இருந்தா போதும், பாக்குறவங்க எல்லாரும் "நைட்டு தூங்கலயா?"ன்னு தான் கேப்பாங்க. என் தங்கச்சி நல்லா எட்டு மணி நேரம் தூங்குறவ, அவளையும் இதையே கேட்டு கேட்டு, அவளும் வெள்ளரிக்கா வச்சு, உருளைக்கிழங்கு வச்சு, கடைசில யாரோ சொன்னாங்கன்னு எலுமிச்சம்பழ சாறு தடவிட்டா. மூணு நாள்ல தோல் சிவந்து எரிஞ்சு உரிஞ்சு, ஆறினப்போ முன்ன இருந்ததவிட கருத்துப்போச்சு. அப்புறம் தான் ஸ்கின் டாக்டர்கிட்ட போனோம். அவங்க எடுத்தவுடனே க்ரீம் எழுதல, ஜன்னல் பக்கம் திரும்பி உக்கார சொல்லி ரெண்டு நிமிஷம் பாத்தாங்க. அத நீங்களும் வீட்லயே பண்ணலாம், அதான் இத எழுதுறேன்.

பகல் வெளிச்சத்துல, முகம் கழுவிட்டு, கண்மை எதுவும் இல்லாம ஒரு கைக்கண்ணாடி எடுத்துக்கோங்க. முதல்ல தலைய பின்னாடி சாச்சு முகத்துல வெளிச்சம் நேரா விழுற மாதிரி பாருங்க. கருப்பு பாதிக்கு மேல காணாம போச்சுன்னா அது கலரே இல்ல, கண்ணுக்கு கீழ இருக்க பள்ளத்தோட நிழல். அடுத்து ஒரு விரலால அந்த தோல மெதுவா பக்கவாட்டுல இழுத்து பாருங்க. பழுப்பு கலர் அப்படியே இருந்தா தோல்லயே நிறமி சேர்ந்திருக்குன்னு அர்த்தம். இழுக்க இழுக்க நீலமா, ஊதாவா தெரிஞ்சா உள்ள இருக்க ரத்தக்குழாய் தெரியுது. அந்த இடத்து தோல் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தான் இருக்கும், அடியில கொழுப்பும் கம்மி, அதனால உள்ள இருக்கது வெளிய தெரியத்தான் செய்யும். நிறைய பேருக்கு ரெண்டு மூணு வகை கலந்தே இருக்கும். தங்கச்சிக்கு பழுப்பும் இருந்துச்சு, எங்க அப்பாவுக்கு இருக்க மாதிரியே பள்ளமும் இருந்துச்சு.

நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறம் இருக்கவங்களுக்கு பழுப்பு வகை ரொம்ப சகஜம், குடும்பத்துலயும் வரும். ஆனா அத இன்னும் கருக்க வைக்கிறது பெரும்பாலும் நம்ம கை தான். தங்கச்சிய கவனிச்சு பாத்தேன், காலைல எழுந்ததும் வரிசையா தும்மல், உடனே விரல் முட்டியால கண்ண நல்லா அழுத்தி தேய்ப்பா, வண்டியில போய்ட்டு வந்து தூசிக்கு திரும்ப தேய்ப்பா, முகம் கழுவிட்டு துண்டால ஒரு தேய், ஒரு நாளைக்கு எத்தன தடவைன்னு அவளுக்கே தெரியல. தேய்க்க தேய்க்க தோல்ல அழற்சி வரும், அழற்சி ஆறும்போது நம்ம தோல் அந்த இடத்துல நிறமிய சேத்து வச்சிடும். அலர்ஜில மூக்கு அடச்சா கண்ணுக்கு கீழ ரத்தமும் தேங்கும், அதுவும் கருப்பா காட்டும். அதனால தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு இருக்கவங்க முதல்ல அலர்ஜிக்கு வைத்தியம் பாருங்க. தலையணை உறைய வாரம் ஒரு தடவ சுடுதண்ணில துவைங்க. அரிச்சா தேய்க்காம ஈரத்துணிய கண் மேல ஒரு நிமிஷம் வச்சு எடுங்க. கண்மை எடுக்கும்போதும் இழுத்து துடைக்காதீங்க, பஞ்சுல தேங்காண்ணெய் தொட்டு, கண்ண மூடி, கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா தானா வந்துடும்.

ஹேர் டை, புது கண்மை, கண் க்ரீம் ஏதாவது ஆரம்பிச்சப்புறம் அரிப்பும் கருப்பும் வந்துச்சுன்னா அத நிறுத்தி பாருங்க. கிளாக்கோமாவுக்கு, அதாவது கண் பிரஷர் நோய்க்கு போடுற சில சொட்டு மருந்தாலயும் கண்ண சுத்தி கருக்கும், ஆனா அத மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, பார்வை சம்பந்தப்பட்டது, கண் டாக்டர்கிட்ட கேளுங்க.

பழுப்புக்கு முக்கியமான மருந்து சன்ஸ்க்ரீன் தான், இத போடாம வேற எது தடவினாலும் வீண். எஸ்பிஎஃப் 30க்கு மேல, ஜிங்க் ஆக்சைடு இருக்கது பெரும்பாலும் கண்ண எரிக்காது. மோதிர விரலால தொட்டு தொட்டு வைங்க. வண்டி ஓட்டுறவங்க கண்ணாடியும் போடுங்க, வெயிலுக்கும் ஆச்சு, தூசிக்கும் ஆச்சு. அதோட நயாசினமைட் இல்ல வைட்டமின் சி இருக்க கண் க்ரீம் ஒண்ணு போதும். ரெட்டினால்னா வாரத்துல ரெண்டு நைட்டு மட்டும் ஆரம்பிங்க, கர்ப்பமா இருக்கவங்க, கர்ப்பத்துக்கு முயற்சி பண்றவங்க வேணாம். மாற்றம் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், அதனால அதே ஜன்னல், அதே நேரத்துல பதினஞ்சு நாளைக்கு ஒரு போட்டோ எடுத்து வைங்க, இல்லன்னா பத்து நாள்ல வெறுத்து விட்டுடுவீங்க.

இது ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன். மெடிக்கல் ஷாப்ல "ஒரே வாரத்துல வெளுக்கும்"னு குடுக்குற ட்யூப வாங்காதீங்க. பின்னாடி குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு போட்டிருந்தா அது ஸ்டீராய்டு. முதல்ல வெளுத்த மாதிரி காட்டும், அப்புறம் ஏற்கனவே மெல்லிசான தோல இன்னும் மெல்லிசாக்கும். கண் பக்கத்துல ரொம்ப நாள் போட்டா கண் பிரஷர், கண்புரை வரைக்கும் போகலாம். 2018லயே இந்த மாதிரி பல க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசு சொல்லியாச்சு, இன்னமும் கேட்டா எடுத்து குடுக்குறாங்க.

நீலமா தெரியிற வகைக்கு தான் தூக்கம் உதவும். தலைக்கு இன்னொரு தலையணை வச்சு படுங்க, காலைல ஃப்ரிட்ஜ்ல வச்ச ஸ்பூன அஞ்சு நிமிஷம் வைங்க, வெள்ளரிக்காயும் இதே குளிர்ச்சியால தான் வேல செய்யுது, ஆனா சில மணி நேரத்துக்கு தான். பெண்கள் கண்டிப்பா ஹீமோகுளோபின் பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசு பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா டாக்டர பாருங்க. தோல் வெளிறிப்போனா கண்ணுக்கு கீழ கருப்பு எடுப்பா தெரியும், அது சரியானா எல்லாமே போயிடும்னு சொல்லமாட்டேன், ஆனா உடம்புக்கு அது வேணும். முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சாப்பிடுங்க, சாப்பிட்ட உடனே டீ காபி வேணாம், இரும்புச்சத்த உடம்புல சரியா சேரவிடாது. எலுமிச்சம்பழத்த கண்ணுக்கு கீழ தடவாம கீரைல புழிஞ்சு சாப்பிடுங்க, இரும்புச்சத்து நல்லா சேரும்.

பள்ளத்துக்கு எந்த க்ரீமும் வேல செய்யாது. பள்ளத்த நிரப்புற ஃபில்லர் ஊசி போடுறாங்க, அபூர்வமா அது ரத்தக்குழாய்க்குள்ள போய் பார்வையே போன சம்பவம் உண்டு, அதனால பார்லர்ல போடவே போடாதீங்க. விசேஷத்துக்கு போகணும்னா ஆரஞ்சு கலர் கரெக்டர் வச்சு மேல கன்சீலர் வச்சா போதும். தங்கச்சி தேய்க்கிறத விட்டு, அலர்ஜி மாத்திரை எடுத்து, நாலாவது மாசம் பழுப்பு நல்லாவே குறைஞ்சுது, பள்ளம் அப்படியே இருக்கு, அப்பா ஜாடைன்னு விட்டுட்டோம்.

ஒரு கண்ணுல மட்டும் கருப்போ வீக்கமோ வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. காலைல கண்ணு வீங்கி ஒண்ணுக்கு நுரையா போனா, கால்லயும் வீக்கம் இருந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, கிட்னி பாக்கணும். குழந்தைக்கு கருவளையம் இருந்து, வாயால மூச்சு விட்டு குறட்டையும் விட்டா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. தலைல அடிபட்டப்புறம் ரெண்டு கண்ண சுத்தியும் கருத்துச்சுன்னா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போங்க.