எல்ஓஐ கைக்கு வந்ததும் கம்பி இறக்கிடாதீங்க

எல்ஓஐன்னா லெட்டர் ஆஃப் இன்டென்ட், மெயின் அக்ரிமென்ட் போடுறதுக்கு முன்னாடி வேலையை உங்களுக்குத் தர்ற எண்ணம் இருக்குன்னு கிளையன்ட் குடுக்குற லெட்டர். "அண்ணே எல்ஓஐ வந்துருச்சு, வெள்ளிக்கிழமை பூஜை"ன்னு யாராவது போன் பண்ணா நான் கேக்குறது ரெண்டே விஷயம்தான், எவ்ளோ ரூபா வரைக்கும்னு போட்டிருக்கு, எந்த தேதி வரைக்கும்னு போட்டிருக்கு. நிறைய பேரு அதைப் பாத்திருக்கவே மாட்டாங்க, அதான் முதல் தப்பு.

பிரிட்டன்ல மோலெம்னு பெரிய கான்ட்ராக்டர், ஸ்டீனா லைன் கப்பல் கம்பெனிக்கு ஹோலிஹெட் துறைமுகத்துல வேலை செஞ்சாங்க. மெயின் அக்ரிமென்ட் கையெழுத்தே ஆகல, லெட்டர் மேல லெட்டரா 14 எல்ஓஐ, கடைசி லெட்டர்ல உச்சவரம்பு 1 கோடி பவுண்டு. வேலை அதைத் தாண்டிப் போயிருச்சு, அடுத்த லெட்டர் வரல, ஆனா சைட்ல வேலையை நிறுத்தல. செஞ்ச வேலைக்கு நியாயமான காசு குடுங்கன்னு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க, 2004ல ஜட்ஜ் 1 கோடிக்கு மேல கிடையாதுன்னு சொல்லிட்டார்.

நம்ம ஆளுங்க இங்க தப்பு விடுறது கணக்குலதான். லெட்டர்ல 40 லட்சம்னா, பில் 25 லட்சம்தானே ஆயிருக்கு இன்னும் இடம் இருக்குன்னு நினைக்கிறாங்க. ஆனா ஆர்டர் போட்ட கம்பி, சென்டரிங் ஆளுக்குக் குடுத்த அட்வான்ஸ், பைலிங் மெஷின் வாடகை எல்லாம் சேத்தா எப்பவோ 40ஐ தாண்டியிருக்கும். 40க்கு மேல போனது முழுக்க உங்க கைக்காசுங்க, வட்டிக்கு வாங்கின காசா கூட இருக்கும்.

அடுத்தது, எல்ஓஐயையும் லெட்டர் ஆஃப் அக்செப்டன்ஸையும் ஒண்ணா நினைக்கிறது. உங்க டெண்டரை எந்த கண்டிஷனும் இல்லாம ஏத்துக்கிட்டா அது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 7 சொல்ற அக்செப்டன்ஸ். "பின்னாடி அக்ரிமென்ட் போடுவோம்"னு மட்டும் சொல்ற எல்ஓஐ பொதுவா வெறும் எண்ணம்தான். பிரிவு 70ல செஞ்ச வேலைக்கு ஈடு கேக்கலாம், ஆனா உங்க ரேட்டே கிடைக்கும்னு நம்பி இறங்காதீங்க.

கிளையன்டுக்கும் அடி இருக்கு. பிரிட்டிஷ் ஸ்டீல் (செஞ்சு குடுத்தவங்க), கிளீவ்லேண்ட் பிரிட்ஜ் (வாங்கினவங்க) கேஸ்ல சவுதி தம்மாம்ல கட்டுற பேங்க்குக்கு 137 வார்ப்பு ஸ்டீல் இணைப்பு, எல்ஓஐ மேலயே செஞ்சு குடுத்தாங்க, லேட்டாச்சு. வாங்கினவங்க தாமதத்துக்கு 8 லட்சம் பவுண்டுக்கு மேல கேட்டாங்க, ஆனா ஒப்பந்தமே இல்லாதப்ப தாமதம்னு எதைச் சொல்றதுன்னு அது நிக்கல, செஞ்ச இரும்புக்கு சுமார் 2.3 லட்சம் பவுண்டு அவங்கதான் குடுக்க வேண்டியதாச்சு.

அதனால தொகை, தேதி, எந்தெந்த வேலை, நடுவுல நிறுத்தினா என்ன குடுப்பாங்க, இந்த நாலும் இல்லாத லெட்டரை வாங்கினா அன்னைக்கே திருப்பிக் கேளுங்க. முக்கால்வாசி லிமிட் தொட்டதும் மெயில் போட்டுருங்க: "இதுவரை ஆர்டரோட சேத்து 30 லட்சம் ஆயிருக்கு, 40 தாண்டுறதுக்கு முன்னாடி புது லெட்டர் வரலன்னா வேலையை நிறுத்துறோம்." போட்டா, நிறுத்தணும்.