நெஞ்செரிச்சலா, இரைப்பைப் புற்றுநோயா? எப்படிப் பிரித்தறிவது

ராத்திரி லேட்டாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை எரிகிறது, புளித்த தண்ணீர் மேலே வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது என்றால் அது பெரும்பாலும் அமிலம் மேலேறும் தொல்லைதான். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை சரியாக மூடாததால் வருவது. வியர்த்துக்கொட்டி, நெஞ்சு இறுக்கி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மட்டும் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் சாதாரண அஜீரணம் போலவே இருக்கும். அதனால் எரிச்சலை விட அதோடு கூட வருவதைக் கவனியுங்கள். நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு ஒன்றரையிலேயே வயிறு நிரம்புகிறதா? 60 கிலோ இருந்தவர் டயட் எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் 3 கிலோ இளைத்தாரா? விழுங்கும்போது அடைக்கிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, ரத்தசோகை காட்டுகிறதா? மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறினால் உள்ளே ரத்தம் கசிகிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பு இருக்காது.

பலர் ஏமாறும் இடம் மாத்திரை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் சரியாக வேலை செய்யாது. டாக்டர் சொன்ன 4 முதல் 8 வாரத்துக்கு மேல் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கித் தொடராதீர்கள். புற்றுப்புண்ணின் வலியையும் இந்த மாத்திரை கொஞ்ச நாள் அடக்கிவிடும். ‘மாத்திரைக்குக் கேட்கிறது, அப்போ அல்சர்தான்’ என்ற கணக்கு தப்பு.

அடுத்தது ஸ்கேன். ‘வயிறு ஸ்கேன் நார்மல்’ என்று நிம்மதி அடைகிறார்கள். அல்ட்ராசவுண்டில் இரைப்பையின் உள்சுவர் தெளிவாகத் தெரியாது. எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கு எடுத்து பயாப்சி பார்த்தால்தான் உறுதி. சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல்நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. முதல் நாள் இரவு உணவோடு நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் போங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹெச்.பைலோரி கிருமிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இரைப்பைப் புற்றுக்கு முக்கியக் காரணம் அது. அதற்கு அமில மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ரிப்போர்ட்டில் இரைப்பைப் புண் மட்டும்தான் என்று வந்தாலும், 6 முதல் 8 வாரத்தில் மறுபடி எண்டோஸ்கோபி செய்து, புண் முழுசாக ஆறிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும்.