கண்மாய் விராலைத் தூண்டிலில் பிடிப்பதும் பிடித்தபின் கையாள்வதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய் மாசி, பங்குனியில் இறங்க ஆரம்பிக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பெரிய விராலுக்குத் தூண்டில் போட இதுதான் நல்ல நேரம். தண்ணீர் குறையக் குறைய மீன் மடைக்குழிக்கும் மதகுப் பக்கத்து ஆழத்துக்கும் ஒதுங்கும்.

முதலில் அனுமதி. பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விட்டிருப்பார்கள், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். குடிதண்ணீர் எடுக்கும் ஊருணியை விட்டுவிடுங்கள். வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம், அங்கேயும் வேண்டாம்.

விராலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அது செவுளை மட்டும் நம்பி வாழ முடியாத மீன், அடிக்கடி மேலே வந்து காற்றை வாங்கியே ஆக வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் கரையில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். தாமரை இலைக்கும் கோரைக்கும் நடுவில் 'ப்ளப்' என்று ஒரு வாய் திறந்து மூடும், அப்புறம் சில குமிழி வரும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதன் மேலேயே எறியாமல், இரண்டு மூன்று முழம் தள்ளி எறிந்து இழுத்து வாருங்கள்.

உயிர்த்தவளையைக் கோர்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம்தான், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். பெரிய மஞ்சள் தவளை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அதோடு உயிர் இரையை விரால் வயிறு வரை விழுங்கிவிடும், அப்புறம் தூண்டில் முள்ளை எடுக்கவே முடியாது. ரப்பர் தவளை போதும். அதன் இரண்டு முள்ளும் மேல்பக்கம் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்காது. ஏழு அடிக் கம்பு கொஞ்சம் விறைப்பானதாக இருக்கட்டும், தூண்டில் கயிறான நரம்பு 30, 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பாக இருக்கட்டும், சாதாரண ஒற்றை இழைத் தங்கூசி தாமரைத் தண்டில் உரசி அறுந்துபோகும். கிளம்புவதற்கு முன் முள்ளின் எதிர்முனையை, அதாவது நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சின்னக் கூரை, குறடால் அமுக்கி மழுக்கிவிடுங்கள். நரம்பைத் தளர விடாதவரை மீன் கழன்று போகாது, முள்ளை எடுக்கும்போது வாயும் கிழியாது.

விரால் இரையை அடித்த உடனே எல்லோரும் கம்பைச் சுண்டிவிடுகிறார்கள். விரால் முதலில் இரையை மோதும், பிறகுதான் வாய்க்குள் வாங்கி அடியில் போகும். நரம்பு இழுபட்டு இறுகுவது கையில் தெரிந்த பிறகு ஓங்கிச் சுண்டுங்கள். அதன்பின் இடம் கொடுக்காதீர்கள், தலையை மேலே தூக்கியபடியே இலைகளுக்கு மேலாக வழுக்கி வரும்படி இழுங்கள், ஒருமுறை தண்டுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டால் பெரிய மீன் ஜெயித்துவிடும்.

இனி முக்கியமான பகுதி. நம் கரை எல்லாம் செம்மண் சரளை, சித்திரை வெயிலில் அந்தக் கல் சுடும். அதில் மீனைத் தரதரவென்று இழுத்தால் உடம்பின் வழவழப்பு மொத்தமும் போய்விடும், அதுதான் நோய் ஒட்டாமல் காக்கும் கவசம். வலைக்கரண்டி கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஒரு சாக்கை நன்றாக நனைத்துக் கரையோரம் விரித்து அதில் ஏற்றுங்கள். கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளல் அடங்கும். வாய்க்குள் விரல் விடாதீர்கள், பல் கூர்மையானது, தாடைப் பிடியும் பலமானது. செவுளுக்குள்ளும் விரல் வேண்டாம். ஒரு கை தலைக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி, இன்னொரு கை வயிற்றுக்கு அடியில், மீன் படுக்கைவாக்கில் இருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விராலைத் தாடையில் மாட்டித் தொங்கவிட்டு போட்டோ எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும், மொத்த எடையும் தாடை மூட்டில்தான் விழுகிறது.

முள்ளை மூக்குக் குறடால் வந்த வழியே திருப்பி எடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை முடிந்தவரை முள்ளை ஒட்டி நறுக்கிவிடுங்கள்.

உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுவது தப்பு. உடம்பு நனையும் அளவு தண்ணீர், மேலே காற்றுக்கு இடம், அதற்கு மேல் ஓட்டை போட்ட மூடி, மூடிமேல் ஒரு கல். மூடாவிட்டால் துள்ளி வெளியே போய்விடும். பைவலையில் போட்டு மொத்தமாகத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தாலோ, மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துவிடும். திரும்ப விடும்போதும் தலையை அழுத்திப் பிடிக்காமல் மேலோட்டமாகத் தாங்கிக்கொண்டிருங்கள், தானே காற்று வாங்கிக்கொண்டு போகும்.

சமையலுக்கு என்று முடிவு செய்தால் தாமதிக்காமல் தலையில் கட்டையால் ஓங்கி ஓர் அடி. துடிக்கும் மீனில் உப்பும் சாம்பலும் போட்டு உரசுவது கொடுமை, செத்த பிறகு உரசினாலும் வழவழப்பு போகும்.

ஒரே ஒரு விராலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். மழைக்காலத்தில் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டு நகரும், அதற்கு நேர் கீழே தாய் தகப்பன் காவலுக்கு இருக்கும். எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும், அதனால் பிடிப்பது ரொம்பச் சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

அழிகண்மாய், அதாவது தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீனை மொத்தமாகப் பிடிப்பது, வரப்போகும் கண்மாயில் பிடித்ததைத் திரும்ப விடுவதில் பெரிய அர்த்தமில்லை, ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் கொண்டு ஊரே இறங்கும்போது அது தப்பாது. அங்கே வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் மடைக்குழியில் தண்ணீர் நிற்கிற, ஊர் இறங்கி அழிக்காத கண்மாய் என்றால் பெரியதை விட்டுவிட்டு நடுத்தரமானதைக் குழம்புக்கு எடுங்கள், அடுத்த மழைக்கு முட்டையிட அந்தப் பெரியதுதான் வேண்டும்.