கிளெய்ம் மறுக்கப்பட்டதா? அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள்

மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம் மறுக்கப்பட்டதும் பலரும் ஏஜென்ட்டுக்குத்தான் முதலில் போன் போடுகிறார்கள். "மேலே பேசியிருக்கேன், பார்த்துக்கலாம்" என்ற பதிலிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். சட்டம் தந்திருக்கும் கெடுவோ அந்த நாட்களையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போக ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு. ஏஜென்ட்டிடம் பேசிய நாட்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள். அதனால் மறுப்பு வந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் வசதி, மறுக்கப்பட்டால் கிளெய்மே மறுக்கப்பட்டதாகாது. மருத்துவமனைக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு, கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ரீஇம்பர்ஸ்மென்ட்டை பாலிசியில் சொல்லியிருக்கும் நாட்களுக்குள் கேட்கலாம். "டாக்குமென்ட் வராததால் ஃபைல் மூடப்பட்டது" என்ற தகவலும் முடிவான மறுப்பு அல்ல. கேட்ட தாள்களை ஒரே கட்டாக, பட்டியல் போட்டு, ஒப்புகையோடு கொடுத்து, ஃபைலை மறுபடி திறக்கச் சொல்லி எழுதுங்கள். ஒரே தாளை மூன்றாவது முறையாகக் கேட்டால், முன்பு கொடுத்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு அதே ஒப்புகையைத் திருப்பி அனுப்புங்கள். பின்னாளில் சேவைக் குறைபாட்டை நிரூபிக்க இந்தக் கடிதங்கள்தான் உதவும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட வேண்டும். "பாலிசி விதிகளின்படி ஏற்க இயலாது" என்று ஒற்றை வரி வந்தால் அதை அப்படியே ஏற்காதீர்கள். நிபந்தனை எண், அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஆவணம், மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்த விவரம் மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை வழக்கு நடக்கும்போது நிறுவனம் நுழைக்க முடியாது என்று 2016இல் கலாடா பவர் வழக்கிலும் 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனம் எழுத்தில் தந்த காரணத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னால் போதும். காரணம் மழுப்பலாக இருக்கும்வரை அவர்களுக்கு வசதி. எழுத்தில் வந்துவிட்டால் உங்களுக்கு வசதி.

சேகரிக்க வேண்டியவை

பாலிசி ஷெட்யூல் என்ற சுருக்கத் தாள் மட்டும் போதாது. நிபந்தனைகள் முழுதும் அடங்கிய பாலிசி வாசகம், பாலிசி கேட்டு நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பமான புரோபோசல் ஃபார்மின் நகல், முந்தைய ஆண்டுகளின் புதுப்பிப்பு ரசீதுகள் எல்லாம் வேண்டும். புரோபோசல் நகல் உங்களிடம் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். நோயை மறைத்தீர்கள் என்று சொல்பவர், எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதி மறைத்தீர்கள் என்று காட்டியாக வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு, சிகிச்சைப் பதிவுகள் அடங்கிய முழு கேஸ் ஷீட்டையும் வாங்குங்கள். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. பெரும்பாலான தகராறுகளின் வேர் இந்த கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில், நள்ளிரவில், உறவினர் பதற்றத்தோடு சொன்னதைக் கேட்டு டியூட்டி டாக்டர் "பத்து வருடமாக பிரஷர்" என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை வைத்து முழுக் கிளெய்மும் மறுக்கப்படும். அப்படி இருந்தால், சிகிச்சை தந்த மூத்த மருத்துவரிடம் நோய் எப்போது முதன்முதலில் கண்டறியப்பட்டது, இப்போதைய சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று லெட்டர்ஹெட்டில் சான்று வாங்குங்கள். கேஸ் ஷீட்டை மட்டும் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய கேஸ் ஷீட் மோசடிக் குற்றச்சாட்டுக்கு வழிவிடும். தனியாகத் தந்த சான்றுக்கு அந்த ஆபத்து இல்லை.

வழக்கமான மறுப்புகளும் பதில்களும்

முன்பே இருந்த நோய், மறைத்த தகவல்: மருத்துவக் காப்பீடு இடைவெளியின்றி 60 மாதம் தொடர்ந்திருந்தால், தகவல் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டும் விலக்கு. வேறு நிறுவனத்திலிருந்து பாலிசியை மாற்றி (போர்ட் செய்து) வந்திருந்தால் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும். காப்பீட்டுத் தொகையை நடுவில் உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது.

60 மாதம் ஆகவில்லையென்றால் உண்மையை நேராகப் பாருங்கள். நோய் இருப்பது தெரிந்தே புரோபோசலில் "இல்லை" என்று எழுதியிருந்தால் வழக்கு பலவீனம்தான். ஏஜென்ட்தான் நிரப்பினார் என்பது பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு என்றுதான் 2019இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் நோயைச் சொல்லி, நிறுவனமே மருத்துவப் பரிசோதனை செய்து பாலிசி தந்திருந்தால் நிலைமை வேறு. அந்த நோயையே காட்டிப் பிறகு மறுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆயுள் காப்பீட்டில் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இன்னும் வலுவானது. மூன்று ஆண்டு கடந்தால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. பாலிசி தந்த நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆகிப் புதுப்பித்த நாள், ரைடர் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து எண்ண வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் தவறுகின்றன: பத்து ஆண்டு பாலிசி என்று நினைத்திருப்பார்கள், போன வருடம் லேப்ஸ் ஆகிப் புதுப்பித்ததை மறந்திருப்பார்கள்.

அறை வாடகைப் பிடித்தம்: முழு மறுப்பைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இது. ஒரு கணக்கைப் பாருங்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு ரூ.5,000. நீங்கள் எடுத்தது ரூ.8,000 அறை, ஐந்து நாள். மொத்த பில் ரூ.3,10,000: அறை 40,000, மருத்துவர் மற்றும் அறுவைக் கட்டணம் 1,20,000, மருந்து 60,000, இம்ப்ளான்ட் 70,000, பரிசோதனைகள் 20,000. அறை வரம்பைத் தாண்டியதைக் காட்டி, 8,000க்கு 5,000 என்ற விகிதத்தில் முழு பில்லையும் எட்டில் ஐந்தாகக் குறைத்தால் ரூ.1,93,750 வரும். அது தவறு. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதப் பிடித்தம் கூடாது என்பது 2020இலேயே ஐஆர்டிஏஐ வகுத்த விதி. சரியான கணக்கு: அறைக்கு 25,000, மருத்துவர் கட்டணத்தில் எட்டில் ஐந்து 75,000, மீதி 1,50,000 முழுதாக. மொத்தம் ரூ.2,50,000. வித்தியாசம் ரூ.56,250. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் மருத்துவர் கட்டணத்திலும் பிடிக்கக் கூடாது. அதற்கு மருத்துவமனையிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும்.

"வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனார்" என்ற மறுப்புக்கு கேஸ் ஷீட்டில் உள்ள ஊசி, டிரிப், நாடித்துடிப்பு அட்டவணைகளே பதில். ஏன் வெளிநோயாளியாக வைத்துப் பார்க்க முடியவில்லை என்று மருத்துவர் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதுவது

ஆம்பட்ஸ்மேனிடம் போக வேண்டுமானால் இந்தப் படியைத் தாண்ட முடியாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். கால் சென்டரில் பேசியது முறையீடு ஆகாது. கடிதம் ஒரு பக்கம் போதும்: பாலிசி எண், கிளெய்ம் எண், மறுப்பின் தேதி, அவர்கள் சொன்ன காரணம், அது ஏன் பொருந்தாது, வர வேண்டிய தொகை, இணைப்புகள். "எனக்கு வர வேண்டிய ரூ.2,50,000இல் ரூ.1,93,750 மட்டும் தரப்பட்டுள்ளது, மீதி ரூ.56,250ஐ வட்டியுடன் தர வேண்டுகிறேன்" என்று எண்ணோடு எழுதுங்கள். நிறுவனம் தாமதப்படுத்திய காலத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்கு மேல் 2 சதவீத வட்டி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பலர் கேட்பதே இல்லை. பட்ட வேதனையை இந்தக் கடிதத்தில் விரித்து எழுத வேண்டாம். அதற்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்தில் பதியலாம்; 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஐஆர்டிஏஐ தீர்ப்புச் சொல்லாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். சிறு பிழைகளும் தாமதங்களும் இங்கேயே சரியாகிவிடுவதுண்டு. உண்மையான தகராறு என்றால் இங்கே அதிக நாள் காத்திருக்காதீர்கள்.

ஆம்பட்ஸ்மேன்

2017ஆம் ஆண்டு காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் விதிகளின்படி, நிறுவனம் முறையீட்டை மறுத்திருந்தாலோ, ஒரு மாதமாகப் பதில் இல்லையென்றாலோ இங்கே வரலாம். கெடு அதிலிருந்து ஓராண்டு. ரூ.50 லட்சம் வரை உத்தரவிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது. பாலிசிதாரர், வாரிசு, நாமினி நேரில் வாதாட வேண்டும். வீடியோ விசாரணையும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. இணையத்திலும் பதியலாம்.

விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதனால் தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆவணத்தின் பக்க எண்ணைப் போட்டுக் கையில் வைத்திருங்கள். நிறுவனம் தாக்கல் செய்யும் பதில் குறிப்பின் நகலை முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் புதுக் காரணம் நுழைந்திருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டுங்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார். வரிசையை மாற்றினால் இலவசமான ஒரு வாய்ப்பு போய்விடும். ஆம்பட்ஸ்மேன் உத்தரவு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதன்பிறகும் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் இரண்டாண்டுக் கெடுவை மறுப்புக் கடிதத் தேதியிலிருந்தே எண்ணி வையுங்கள்.

நுகர்வோர் ஆணையம்

மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, ரூ.50 லட்சத்துக்கு மேற்பட்ட கிளெய்ம் என்றால் இதுதான் இடம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைக் கிளெய்ம் தொகை தீர்மானிப்பதில்லை, நீங்கள் கட்டிய பிரீமியமே தீர்மானிக்கிறது. பிரீமியம் ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ரூ.60 லட்சம் கிளெய்முக்கும் கட்டியது ரூ.40,000 என்றால் மாவட்ட ஆணையம்தான். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. பழைய சட்டத்தை நினைத்துக்கொண்டு மாநில ஆணையத்தில் தாக்கல் செய்து திரும்பி வந்த மனுக்கள் உண்டு.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் தடையில்லை. மனு, சத்தியப் பிரமாண வாக்குமூலம், ஆவணப் பட்டியல் இவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் கிளை, தலைமையகம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பாலிசியை வங்கி விற்றிருந்து அதில் தவறான விற்பனை இருந்தால் வங்கியையும் சேர்க்கலாம். நிறுவனம் 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தாமதமாக வந்த பதிலை ஆணையம் ஏற்றால் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். சட்டம் சொல்லும் மாதங்களில் வழக்கு முடிவது அரிது என்பதையும் தெரிந்தே இறங்குங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

பணம் வரும்போது

பாதித் தொகையைக் கொடுத்து "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரத் தேவைக்கு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் "ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாக" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்றால் அன்றே மின்னஞ்சலில் ஆட்சேபத்தை அனுப்புங்கள். வற்புறுத்தலில் போட்ட கையெழுத்து வழக்கை அடைக்காது என்று 1999இல் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வற்புறுத்தலை நிரூபிக்க அந்த நாளின் மின்னஞ்சல் தேவைப்படும்.

ஆம்பட்ஸ்மேன் உத்தரவை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், அதன்பிறகு நாளொன்றுக்கு ரூ.5,000 புகார்தாரருக்குத் தர வேண்டும் என்பது 2024 சுற்றறிக்கை. மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு எதிராக நிறுவனம் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. அதற்கும் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் 71, 72ஆம் பிரிவுகளின்கீழ் நிறைவேற்று மனு போடுங்கள். 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வட்டிக் கணக்கை நாள்வாரியாகப் போட்டு மனுவோடு இணையுங்கள். இல்லாவிட்டால் அசலை மட்டும் கட்டிவிட்டு வழக்கை முடிக்கப் பார்ப்பார்கள்.