செலஸ்ட் கிளாசிக்: முதல்முறை மலை ஏறுபவர்களுக்கு

குதித்துத் தாவி முன்னேறும் பிளாட்பார்ம் கேம் பழக்கமே இல்லை, ஒரு சாயங்காலத்தில் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். 2018-இல் வந்து பேர் வாங்கிய பெரிய செலஸ்ட்டுக்கு இதுதான் மூலம். மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் ஒரு கேம் ஜாமில் (குறுகிய காலத்துக்குள் கேம் செய்து முடிக்கும் நிகழ்வு), பிக்கோ-8 என்ற கற்பனைக் குட்டி கேம் கருவியில், 4 நாளில் செய்து முடித்தது. 128×128 பிக்சல், 16 நிறம், 30 திரை. அதற்குள் ஒரு முழு மலையே இருக்கிறது. சென்னை அக்னி நட்சத்திரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, பனி குறுக்கே வீசுவதைப் பார்க்கவாவது ஒருதடவை திறக்கலாம். சத்தத்தை மட்டும் அணைக்காதீர்கள், பாதி உயிர் இசையில்தான்.

படி 1: பிக்கோ-8-ஐ உருவாக்கிய லெக்சலோஃபிளின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிரவுசர் போதும். திறந்ததும் கேம் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் அம்புக்குறிக்கு வெப் பக்கம்தான் நகரும்.

படி 2: நகர அம்புக்குறிகள், குதிக்க இசட் அல்லது சி, டேஷ் அடிக்க, அதாவது ஒரே வீச்சில் பாய, எக்ஸ் அல்லது வி. சுவரை ஒட்டிச் சறுக்கும்போது குதித்தால் நீங்கள் ஆட்டுவிக்கும் உருவம் எதிர்ப்பக்கம் எம்பும். உயிர்க் கணக்கு கிடையாது. செத்தால் அதே திரையின் தொடக்கம், அவ்வளவே.

படி 3, டேஷ். பலர் 'ரொம்பக் கஷ்டம்' என்று மூடிவிட்டுப் போவது இங்கேதான். எக்ஸ் அழுத்துகிற அந்த நொடியில் எந்த அம்புக்குறி அழுந்தியிருக்கிறதோ அந்தத் திசைக்குத்தான் பாயும். எதுவும் அழுந்தவில்லையென்றால் முகம் பார்க்கும் பக்கம் நேராகப் பாய்ந்து முள்ளில் விழும். ஆகவே திசை முதலில், எக்ஸ் பிறகு. முதல் திரையில் மேலே ஏறவே பார்க்காதீர்கள். நின்ற இடத்திலேயே மேல்-வலது பிடித்து எக்ஸ், தரையைத் தொட்டதும் மேல்-இடது பிடித்து எக்ஸ். யோசிக்காமல் விரல் போகும்வரை இதையே செய்யுங்கள். உருவத்தின் முடி சிவப்பாக இருந்தால் டேஷ் கையிருப்பில் இருக்கிறது, நீலமானால் தீர்ந்தது. தரையோ பலூனோ பட்டால் திரும்பி வரும்.

சரியாகச் செய்தும் மூலைவாட்டில் பாயவில்லையா? கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். விலை மலிவான சில கீபோர்டுகள் மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். நோட்பேடில் மேல், வலது இரண்டையும் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டுங்கள். எழுத்து விழவில்லையென்றால் வி-க்கு மாறுங்கள், அதுவும் உதவாவிட்டால் வேறு கீபோர்டு. ரிச்சி தெருவில் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். கேம்பேட் வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கை விட்டுவிட்டு நான்கு திசைப் பட்டனைப் பயன்படுத்துங்கள். போனில் ஆடுவது வீண் வேலை, விரலே பாதித் திரையை மறைத்துவிடும்.

விளிம்பில் பதற வேண்டாம். கால் தரையை விட்ட பிறகும் 6 ஃபிரேம், அதாவது 0.2 நொடிவரை, குதிக்க விடுகிறது. உடையும் கற்களில் அந்தத் தாராளம் இல்லை, தொட்ட அரை நொடியில் போய்விடும்.

பின்சேர்க்கை: தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்ததால் இசட் வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அணைத்துவிட்டு ஆடுங்கள். இன்னொருவருக்குக் கரண்ட் போய் எல்லாம் போயிற்று. இதில் சேவ் வசதியே இல்லை, யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது. வழியில் எடுக்கக் கிடைக்கும் பழங்களில் இறக்கை வைத்த ஸ்ட்ராபெர்ரி பறந்துவிடுகிறதே என்று கேட்டவருக்கு: நீங்கள் டேஷ் அடித்தால்தான் அது பறக்கும். அந்தப் பழம் கைக்கு வரும்வரை எக்ஸைத் தொடாமல் குதித்தே ஏறுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், உச்சிக்குப் போகப் பழம் தேவையில்லை.