தோட்டக் கதை கதைக்கும்போது ஊர் மழையையும் கேளுங்கள்

வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் கூட்டாளியோடு போனில் கதைக்கத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. போஞ்சி கொடி ஏறிவிட்டதா, லீக்ஸ் பருத்துவிட்டதா என்று விசாரிப்பதே தனிச் சந்தோஷம். ஆனால் அவர் சொல்வதைச் செய்யும் முன், அவர் ஊரில் இப்போது மழையா வெயிலா என்று கேளுங்கள்.

மலையகம் முழுவதும் ஒரே காலநிலை இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும். அதே நாட்களில் பதுளை, வெலிமடைப் பக்கம் வெயிலும் காற்றும்தான். "இப்ப தக்காளி நடு மச்சான், நல்லா வரும்" என்று ஜூனில் பதுளைக்காரர் சொல்வது அவருக்குச் சரி. ஹட்டனில் கூரையில்லாமல் நட்டால் இலையில் கரும்புள்ளி விழுந்து, காயும் அழுகிவிடும். உயரத்தையும் பாருங்கள். கண்டி சுமார் 500 மீற்றர். நுவரெலியா 1,800ஐத் தாண்டும், ஜனவரி விடியலில் உறைபனிகூட விழும்.

அப்புறம், "ஒரு டின் உரம் போடு" என்றால் பால் டின்னா மீன் டின்னா என்று கேட்டுவிடுங்கள்.

நோய்க்குப் படம் அனுப்பும்போது இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கோவா நாற்று அன்பாகத் தந்தாலும் வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நட வேண்டாம். அந்த வேர்நோய் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும்.